குறைந்த நீரில் நிறைந்த பூக்கள்

பூவை விரும்பாத பெண்ணும் உண்டோ? எங்கள் பள்ளி வராண்டாவில் தூண்களுக்கு இடையே வரிசையாக நிற்கும் சிமெண்டுத் தொட்டிகளைப் பார்க்காமல் எந்த மாணவியும் வகுப்புக்குள் நுழைவதில்லை. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கிளைகள் கீழே தொங்க, அவற்றில் வண்ண வண்ணமாய்ப் பூக்கள் மலர்ந்திருக்கும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே தொட்டிகளில் காய்ந்த குச்சிகள் மட்டுமே இருந்தன. அவற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்களேதான். அந்தத் தவற்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் ஐவர். ஐவரும் போலகத்திலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறவர்கள். எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்களைத் தோட்டக் குழுவில் சேர்த்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த சமயம், செடி விற்கும் வேன் ஒன்று வந்தது. அதில் பெட்டூனியாச் செடிகள் இருந்தன. புனல் போன்ற மெல்லிய பூக்கள். ஊதா, வெள்ளை, சிவப்பு என்று காலண்டர் படத்தில் பார்த்தது போலவே இருந்தன. சேர்த்து வைத்திருந்த காசையெல்லாம் போட்டுப் பன்னிரண்டு செடிகள் வாங்கி நட்டோம். பிப்ரவரி முழுவதும் வராண்டாவைக் கடந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். மார்ச்சில் வெயில் ஏறியது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமற்போனது. ஏப்ரலில் தேர்வு வந்தது. பிறகு விடுமுறை வந்தது. நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஜூனில் வந்து பார்த்தால் ஒரு செடிகூட இல்லை. வராண்டாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், "விடுமுறையில் யாருமே தண்ணீர் ஊற்றவில்லையா ஆயா?" என்று சற்றுக் குறையாகவே கேட்டோம். அவர் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"ஊத்தாம என்ன பாப்பா? கெணத்தடியிலேருந்து காலையில நாலு குடம், சாயந்தரம் நாலு குடம். மே மாசம் முட்டி வீங்கிப் போச்சு. அப்புறம் முடியல. வச்சவங்க நீங்க, ஊத்துனவ நானு."

எங்களில் ஒருத்திக்கும் வாய் திறக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு எட்டுக் குடம்! பாராட்டு எங்களுக்கு வந்தது. குடம் ஆயாவின் இடுப்புக்குப் போனது. ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதற்குத் தண்ணீர் சுமக்கப் போகிறவரையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. வீடுகளிலும் இதே கதைதான். மாடியில் தொட்டி வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள்; படியேறி ஊற்றுவது பெரும்பாலும் அம்மாவாக இருக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் அறிவியல் ஆசிரியையான சகோதரியிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த முறை செடியைப் பார்க்கும் முன்பு இடத்தைப் பாருங்கள்" என்றார். அவர் சொன்னபடி நான்கு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டோம்.

தொட்டி நிற்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா? நாம் ஊரில் இல்லாத நாளில் யார் கவனிப்பார்? மழைக்காலத்தில் தொட்டி எங்கே இருக்கும்?

இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகுதான் பூவின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம்.

போலகமும் அதைச் சுற்றிய காரைக்கால் பகுதியும் காவிரிப் படுகையின் கடைக்கோடி. ஒரு பக்கம் நெல் வயலும் வாய்க்காலும். மறுபக்கம் சிறிது தூரத்தில் கடல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். பிறகு மாதக்கணக்கில் மழை முகமே காட்டாது. மே மாதம் கத்திரி வெயில். கடற்காற்றில் உப்பு இருக்கும். போர் போட்டு எடுக்கும் தண்ணீரும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். பெங்களூரிலும் ஊட்டியிலும் நன்றாகப் பூக்கிற பெட்டூனியா குளிர்ந்த காற்றை விரும்பும் செடி. அதைக் கொண்டுவந்து கத்திரி வெயிலில் நிறுத்தியது எங்கள் அறியாமை.

தரையில் வளரும் செடியைவிடத் தொட்டிச் செடி விரைவில் வாடுவதற்கும் காரணம் உண்டு. தரையில் இருந்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். தொட்டியில் வேருக்குப் போக்கிடம் இல்லை. தொட்டியின் சுவர் வெயிலில் சூடேறி உள்ளிருக்கும் மண்ணையும் சூடாக்கும். அதிலும் விளிம்பிலிருந்து தொங்கும் கிளைக்கு எல்லாப் பக்கமும் காற்று படும். இலைகளில் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். இதை நீராவிப்போக்கு என்று படித்திருக்கிறோம். ஆகவே தொங்கும் பூந்தொட்டிக்கு, நீரைச் சிக்கனமாய்ச் செலவழிக்கத் தெரிந்த செடியே ஏற்றது. அப்படிப்பட்டவை நம் தெருவிலேயே இருக்கின்றன.

காகிதப்பூ

போலகத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு மதிற்சுவரின் மேலாவது காகிதப்பூ சாய்ந்து கிடக்கும். யாரும் அதற்குக் குடத்தில் நீர் கொண்டுபோய் ஊற்றி நாங்கள் பார்த்ததில்லை. அப்படியும் கோடையில் இலையே தெரியாமல் பூக்கிறது. காரணம் என்ன?

நாம் பூவிதழ் என்று நினைக்கிற வண்ணப் பகுதி உண்மையில் இதழே அன்று. பூவைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில். உள்ளே வெள்ளையாகக் குழல் போல மூன்று சிறு பூக்கள் இருக்கின்றன. அவையே மெய்யான பூக்கள். பூவடிச் செதில் காகிதம் போல மெல்லியதாகவும் வறண்டும் இருப்பதால் மற்ற இதழ்களைப் போல ஒரே நாளில் வாடாது. பல நாட்கள் நிறம் காட்டி நிற்கும். அதனால்தான் நம் மக்கள் இதற்குக் காகிதப்பூ என்று பொருத்தமாகப் பெயரிட்டார்கள்.

இதற்குத் தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். அன்பு மிகுதியால் தினமும் ஊற்றினால் இலையாகவே தழைக்கும், பூ வராது. வேர் தொட்டியில் சற்று நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும் என்பதால் பெரிய தொட்டிக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட்டால் புதுத் தளிர் விட்டு மீண்டும் பூக்கும். பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், காசு செலவில்லை. கொம்பு ஊன்றிக் கட்டாமல் விட்டுவிட்டால் கிளைகள் தாமே வளைந்து தொங்கும். முள் உண்டு. ஆகையால் சிறுவர் ஓடும் வழியில் வைக்காமல் கைப்பிடிச் சுவரின் மேலோ மாடி ஓரத்திலோ வைப்பது நல்லது.

இந்தச் செடிக்கும் நம் ஊருக்கும் ஒரு பெயர் உறவு இருக்கிறது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அந்தப் பிரெஞ்சு நாட்டின் கடற்படைத் தலைவர் பூகன்வில் என்பவர் 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றிவந்தார். அவருடன் சென்ற தாவர அறிஞர் கொமெர்சோன், 1767இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரருகே இச்செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆங்கிலத்தில் இன்றும் போகன்வில்லா என்கிறோம்.

ஆனால் கொமெர்சோனுடன் ஓர் உதவியாளரும் போயிருந்தார். செடிகளை அழுத்தி வைக்கும் பலகைகள், உணவு மூட்டை ஆகியவற்றைச் சுமந்து மலையும் காடும் ஏறியவர் அவரே. அவர் பெயர் ஜான் பாரே. ஆண் உடையில் கப்பலேறிய பெண் அவர்! பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்ற விதி அக்காலத்தில் இருந்தது. ரியோவில் கொமெர்சோனுக்குக் காலில் புண் இருந்ததால், அச்செடியை உண்மையில் பறித்து வந்தவர் பாரேயாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. உலகைச் சுற்றிவந்ததாக நாம் அறிந்த முதல் பெண்மணி அவர்தான். இருந்தும் அவர் பெயரால் ஒரு செடி நிலைபெறுவதற்கு 2012ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் தென் அமெரிக்காவில் கண்டறிந்த, கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு ஆயாவின் குடம்தான் நினைவுக்கு வந்தது.

மேசை ரோஜா

டேபிள் ரோஸ் என்றும், பத்து மணிப் பூ என்றும் இதைச் சொல்வார்கள். பிரேசில், அர்ஜென்டினா பகுதிகளிலிருந்து வந்த செடி. நாம் கூட்டு வைத்து உண்ணும் பருப்புக்கீரைக்கு நெருங்கிய உறவு. இலைகள் ஊசி போலத் திரண்டு சதைப்பற்றுடன் இருக்கும். அந்தச் சதைப்பற்றுத்தான் இச்செடியின் தண்ணீர்க் குடம்.

இதற்கு இன்னொரு திறமையும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். மேசை ரோஜாவோ நீர் குறையும் காலத்தில் இரவின் குளிர்ச்சியிலும் வாயுவை வாங்கிச் சேமித்து, பகலில் பயன்படுத்திக்கொள்ளும். சிக்கனமான இல்லத்தரசி போன்றது!

வெயில் ஏறிய பிறகு பூ விரியும், மாலைக்குள் மூடிவிடும். மேக மூட்டமான நாளில் சரியாக விரியாது. ஆகவே நிழலான வராண்டாவுக்கு இது ஆகாது. விரலளவு கிள்ளி ஈர மணலில் செருகினால் போதும், சில நாட்களில் வேர் விட்டுவிடும். தொட்டியின் ஓரமெங்கும் செருகினால் ஓரிரு மாதங்களில் விளிம்பைத் தாண்டித் தொங்கும். நீண்டு மெலிந்து போனால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதையும் வீணாக்காமல் வேறு தொட்டியில் செருகலாம். எங்கள் வராண்டாவில் இன்றுள்ள மேசை ரோஜா எல்லாம் எங்களில் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையிலிருந்து கிள்ளி வந்த ஒரு பிடியின் பிள்ளைகளே.

சங்குப்பூ

இது கொடி வகை. பற்ற ஏதேனும் இருந்தால் ஏறும். இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து கீழே வழியும். நீலத்திலும் வெள்ளையிலும் பூக்கும். பயறு, உளுந்து குடும்பத்தைச் சேர்ந்ததால் இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும். எனவே உரச்செலவும் குறைவு. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் முளைக்கும். சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். காய்களை அவ்வப்போது பறித்துவிட்டால் தொடர்ந்து பூக்கும். சிலவற்றை மட்டும் விதைக்காக முற்றவிடலாம்.

பத்தாம் வகுப்புத் தோழியருக்கு ஒரு செய்தி. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த நீல நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். வேறொரு கிண்ணத்தில் சமையல் சோடாவைக் கலந்தால் பச்சை சாயும். அமிலமும் காரமும் பற்றிய பாடத்துக்கு லிட்மஸ் தாளே தேவையில்லை. தொட்டிச் செடி பாடமும் நடத்தும்!

நித்தியகல்யாணி

மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் தானாகவே வாழும் செடி. இது நிமிர்ந்து வளர்வதால் தொட்டியின் நடுவில் இதை நட்டு, ஓரங்களில் மேசை ரோஜாவைத் தொங்கவிட்டோம். ஆண்டு முழுவதும் பூக்கும். ஆடு மாடும் கடிப்பதில்லை. இதில் நச்சுத்தன்மை உண்டு என்பதே அதற்குக் காரணம். அந்த நஞ்சே மருந்தாகவும் ஆயிற்று. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான நோபிள், பியர் இருவரும் 1958இல் இதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. மருந்துச் செடிதானே என்று இலையை மென்று பார்க்க வேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரையிலேயே இருக்க வேண்டிய பூ

எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைக் கவர்ந்தது பட்டினச்சேரிக் கடற்கரையில் பார்த்த அடப்பங்கொடி. உப்பு மணலில், கொதிக்கும் வெயிலில், சொட்டு நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் நீண்டு படர்ந்து, காலை வேளையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கிறது. இலை நுனி பிளந்து ஆட்டின் குளம்பு போல இருக்கும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துப் பூவாகப் பாடிய அடும்பு இதுவே. இதன் விதை கடல் நீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். அதனால் உலகின் வெப்பமண்டலக் கடற்கரை எங்கும் இது காணப்படுகிறது.

இதைவிடக் குறைந்த கவனிப்பில் வளரும் கொடி ஏது என்று ஒரு சாக்கோடு போய்விட்டோம். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தோம். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மணலை இறுகப் பிடித்திருந்தது. இழுத்த இடத்தில் மணல் பொலபொலவென்று சரிந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, "அத புடுங்காதீங்கம்மா. மணல் மேடு அதாலதான் நிக்குது" என்றார். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்ததைக் கண்ட கரை அது. அந்தத் தாத்தாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? காலி சாக்கை மடித்துக்கொண்டு திரும்பினோம். குறைந்த கவனிப்பில் வளர்வது எல்லாம் நம் தொட்டிக்கு வர வேண்டும் என்பதில்லை. சில பூக்கள் தம் இடத்தில் இருந்தே நமக்கு உதவுகின்றன.

எச்சரிக்கை தேவை

எளிதாக வளரும் செடியில் ஆபத்தும் உண்டு. நர்சரிகளில் வெடேலியா என்று மஞ்சள் பூச்செடி ஒன்று மலிவாகக் கிடைக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து இதை வாங்கி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இது மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த வேறு செடி. தொட்டியில் அழகாகத் தொங்கும். ஆனால் ஒரு துண்டு தரையில் விழுந்தாலும் வேர் விட்டு, மற்றப் புல்பூண்டை மூடிவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உள்ளவைதாம்.

நம் வாய்க்கால்களை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரை, அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட பூதான். நெய்வேலிக் காட்டாமணக்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இன்று வாய்க்காலைத் தூர் வாரும் விவசாயிகளைக் கேட்டால் அந்த அழகின் விலை தெரியும். வாய்க்கால் ஓரத்து வீடுகளில் வசிக்கும் எங்களைப் போன்றவர்கள், கத்தரித்த கொடியை நீரில் எறிவதையாவது நிறுத்த வேண்டும்.

தொட்டியும் மண்ணும் நீரும்

நல்ல செடியும் கெட்ட தொட்டியில் பிழைக்காது. தொட்டியின் அடியில் துளை இருப்பது முதல் தேவை. மண்தொட்டி குளிர்ச்சியானது, ஆனால் சுவர் வழியே ஈரம் கசிவதால் விரைவில் காயும். சிமெண்டுத் தொட்டி காற்றில் சாயாது. புதியதாக இருந்தால் சில நாட்கள் நீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிவிட வேண்டும். பழைய பெயிண்டு வாளியிலும் துளையிட்டு வளர்க்கலாம். ஈரம் நெடுநேரம் நிற்கும்.

வயல் களிமண்ணை மட்டும் நிரப்பினால் கோடையில் கல்லாகும், மழையில் சேறாகும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய சாண எரு என்று கலந்து நிரப்பினோம். கடற்கரை மணலைச் சேர்க்கக் கூடாது. அதில் உப்பு உண்டு. மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நார் பரப்பினால் ஈரம் காக்கும்.

நீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செருகிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் அன்று ஊற்றத் தேவையில்லை. ஊற்றினால் அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்ற வேண்டும். தினமும் சிறிது தெளிப்பதால் மேல்மண் மட்டுமே நனையும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் அது தண்ணீரிலுள்ள உப்பு. மழைநீரைப் பிடித்து வைத்து நன்றாக ஊற்றிக் கழுவிவிடலாம். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் வீணாக்காமல் ஊற்றலாம். உப்புப் போட்ட நீர் மட்டும் ஆகாது.

எங்கள் அனுபவம்

ஒன்பதாம் வகுப்பில் இப்படியெல்லாம் யோசித்து நட்டோம். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் தண்ணீர் குடிக்கப் பள்ளி வாசலில் நின்றபோது, காகிதப்பூவைப் பார்த்து ஒரு கிளை கேட்டு வாங்கிப் போனார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை நவம்பரில் போயிற்று. ஒரு வாரம் விடாத மழை. தொட்டிகளுக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளை எடுக்க மறந்துவிட்டோம். தட்டில் நீர் நின்று, மூன்று தொட்டிகளில் மேசை ரோஜா அழுகியது. நித்தியகல்யாணியும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. வறட்சிக்கு அஞ்சாத செடி தேங்கிய நீருக்கு அஞ்சும் என்று அப்போதுதான் தெரிந்தது. போதாததற்கு அந்தத் தட்டுகளில் கொசுப்புழு நெளிந்தது. டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தேங்கு நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வார காலமே போதும். இப்போது மழைக்காலத்தில் தட்டே வைப்பதில்லை. தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றிவிடுகிறோம். மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்க்கிறோம்.

பிறகு கோடை விடுமுறை வந்தது. இந்த முறை நாங்கள் ஐவரும் ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு குடம். அதாவது வாரத்துக்கு ஆறு குடம். முன்பு ஆயா தூக்கியது வாரத்துக்கு ஐம்பத்தாறு குடம்! குடத்தை நாங்களே தூக்கியபோதுதான் கிணற்றடிக்கும் வராண்டாவுக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஒரு தொட்டிகூடக் காலியாக இல்லை. கத்திரியில் மேசை ரோஜா சற்று மெலிந்திருந்தது. காகிதப்பூவோ இலை தெரியாமல் பூத்திருந்தது.

அன்புத் தோழியரே, வீட்டு முற்றத்திலோ திண்ணையிலோ ஒரு தொட்டி வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள். முதலில் இடத்தைப் பாருங்கள். பிறகு செடியைப் பாருங்கள். அதற்கு முன்பாக, குடத்தைத் தூக்கப் போகும் கையைப் பாருங்கள். அந்தக் கை உங்கள் கையாகவே இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோரே, பிள்ளைகள் செடி கேட்டால் வாங்கித் தாருங்கள். கூடவே ஒரு சிறு குடத்தையும் கொடுங்கள்.

இக்கட்டுரையில் ஆயாவின் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். சிரித்தார். "பேரெல்லாம் எதுக்கு பாப்பா? அடுத்த வருஷம் நீங்க போயிடுவீங்க. ஒன்பதாவது புள்ளைங்கள்ள அஞ்சு பேர சொல்லி வச்சிட்டுப் போங்க, அது போதும்" என்றார்.

சொல்லி வைத்துவிட்டோம். விருப்பமுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவியர் திங்கட்கிழமை மாலை கிணற்றடிக்கு வரவும். குடம் தயாராக இருக்கிறது.

— தோட்டக் குழுவினர் சார்பில்,
பத்தாம் வகுப்பு மாணவி, போலகம்